ஒன்பது வருஷமாகக் கூடவே இருக்கும் பியூட்டர் கிண்ணம்

2016-இல் டப்ளினுக்கு வேலைக்கு வந்த புதிதில், டிரினிட்டி கல்லூரிக்குப் பக்கத்தில் ஒரு பரிசுப்பொருள் கடையில் இரண்டு பியூட்டர் சாமான்கள் வாங்கினேன். உள்ளங்கை அகலத்தில் ஒரு கிண்ணம், ஒரு போட்டோ ஃபிரேம். இரண்டிலும் சுருள் சுருளாகக் கெல்டிக் வேலைப்பாடு, அதாவது ஐரோப்பாவின் பழைய கெல்ட் மக்களின் பாணி. வெள்ளி மாதிரி மின்னாது. மழை மூட்டத்தின் சாம்பல் நிறம்.

பியூட்டர் வேறொன்றுமில்லை, நம் ஈயச் சொம்புக்கு ஒன்றுவிட்ட தம்பி. தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் வெள்ளீயம், கெட்டிப்படுத்தக் கொஞ்சம் ஆண்டிமனியும் செம்பும். ஒரு காலத்தில் காரீயமும் சேர்த்தார்கள். நான் வாங்கியதில் அது இல்லை என்று அட்டையிலேயே போட்டிருந்தது.

ரசம் ஊற்றாமல் ஈயச் சொம்பை அடுப்பில் வைக்காதே என்று கேட்டு வளர்ந்தவன்தான் நான். இருந்தும் முதல் வருஷமே, அணைத்த மின் அடுப்பின் மேல் ஞாபகமில்லாமல் கிண்ணத்தை வைத்துவிட்டேன். சூடு ஆறவில்லை. வெள்ளீயம் உருக 232 டிகிரி போதும், பியூட்டரும் அதையொட்டித்தான். அடிவிளிம்பு ஓரிடத்தில் இளகி இறங்கிவிட்டது. அன்றிலிருந்து கிண்ணம் லேசாக ஆடும்.

ஃபிரேமுக்கு நடந்தது வேறு. ஊரிலிருந்து வந்த அம்மா, "இதென்னடா, இவ்வளவு அழுக்கு" என்று பாத்திரம் தேய்க்கும் பவுடர் போட்டு, நாரால் மினுக்கிவிட்டார். பள்ளங்களில் இருந்த கறுப்பு அழுக்கில்லை. செய்கிறபோதே வேண்டுமென்று ஏற்றிவிடுவது. அது போனதும் சுருள்கள் தட்டையாகிவிட்டன, ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தால்தான் கண்ணில் படும். கிண்ணத்தை நான் மெத்தென்ற துணியால் துடைப்பதோடு சரி. பள்ளம் இன்னும் கறுப்பு, மேடு கைபட்டுக் கைபட்டு வழவழப்பு.

அப்புறம் ஒரு குறை. கெல்டிக் என்று எழுதி இந்தக் கடைகளில் எதையும் விற்கிறார்கள். அயர்லாந்தில் நியூகிரேஞ்ச் என்ற பழங்காலக் கல்லறையில் செதுக்கியிருக்கும் மும்முனைச் சுருளை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கல்லறை கி.மு. 3200 வாக்கில் கட்டப்பட்டது, கெல்டிக் கலைக்கு இரண்டாயிரம் வருஷத்துக்கும் மேல் முந்தியது. பின்னிப் பின்னிப் போகும் முடிச்சுகளோ கி.பி. 800 வாக்கில் கிறிஸ்தவத் துறவிகள் கையால் எழுதிச் சித்திரம் தீட்டிய கெல்ஸ் நூலின் காலத்தவை. ஆரம்பகாலக் கெல்டிக் கலைக்கு, சுவிட்சர்லாந்தில் ஏரிக்கரையில் இருக்கும் லா டென் என்ற இடத்தின் பெயரையே வைத்திருக்கிறார்கள். அதில் முடிச்சு கிடையாது. எக்காள வாய்போல் விரிந்து, கொடிபோல் வளைந்து ஓடும் கோடுகள். அயர்லாந்தின் கால்வே மாவட்டத்தில் இருக்கும் டூரோ கல் என்ற பழைய செதுக்குக் கல்லில் பார்க்கலாம். என் கிண்ணம் அந்த ஜாதி. ஃபிரேம், நியூகிரேஞ்ச்! வாங்கும்போது எனக்கு எங்கே தெரிந்தது.

கிண்ணத்தில் இப்போது வீட்டுச்சாவியும் சில்லறையும் கிடக்கின்றன. சாவி உரசி உள்ளே நிறையக் கீறல், உலோகம் அவ்வளவு மெது. பாத்திரம் கழுவும் மெஷினில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.