நின்டெண்டோவா சேகாவா? குன்னூர்ப் பார்வையில் ஓர் அலசல்

90களில் குன்னூரில் டிவி கேம் ஆடியவர்களில் பாதிப் பேர் நின்டெண்டோ என்ற ஜப்பான் கேம் கம்பெனியின் பெயரையே அப்போது கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். மாரியோவைத் தெரியும், கான்ட்ராவைத் தெரியும். '9999 இன் 1' என்று போட்ட கேசட்டும் தெரியும். அதில் உருப்படியாக இருபது முப்பது ஆட்டம் இருந்தாலே அதிகம், மிச்சமெல்லாம் அதே ஆட்டம் வேறு பெயரில். அந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவை நின்டெண்டோ 1983ல் ஜப்பானில் விட்ட ஃபேமிகாம் என்ற டிவி கேம் கருவியின் நகல்கள். அதன் போட்டிக் கம்பெனி சேகா வந்த வழி வேறு. பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டரில் அதன் துப்பாக்கி ஆட்டம் வர்ச்சுவா காப் 2 ஏற்றி வைத்திருப்பார்கள், மவுஸை வைத்தே சுட்டுத் தள்ளலாம். இரண்டு கம்பெனியின் சரக்கும் மலையேறியது, பெயர்தான் கூட வரவில்லை.

நின்டெண்டோ 1889ல் கியோட்டோவில் ஹனஃபுடா சீட்டுக்கட்டு செய்யத் தொடங்கிய கம்பெனி. சேகாவின் வேர், அமெரிக்க ராணுவ முகாம்களுக்குக் காசு போட்டால் ஓடும் இயந்திரங்களை விற்ற வியாபாரத்தில் இருக்கிறது. ஒன்று வீட்டுக்குள் உட்கார்ந்து ஆடுவது, மற்றது கடைத்தெருவில் நிறுத்திக் காசு பார்ப்பது. இந்தப் பிறவிக்குணம் இரண்டையும் லேசில் விடவில்லை.

அது பளிச்சென்று தெரிவது கையில் வைத்து ஆடும் கருவிகளில். நின்டெண்டோவின் கேம் பாய் (1989) குன்பெய் யோகோய் குழுவின் வேலை. புதுத் தொழில்நுட்பத்தின் பின்னால் ஓடாமல், பழகி விலை இறங்கியதை எடுத்து வேறு மாதிரி பயன்படுத்து என்பது அவர் கொள்கை. திரையில் கலரும் இல்லை, பின்னொளியும் இல்லை. சேகா அடுத்த வருடமே கேம் கியரை இறக்கியது, கலரும் பின்னொளியுமாக. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கேம் பாய் பரிதாபமாக இருக்கும்.

சரி, இரண்டையும் நம்ம மலை ரயிலில் ஏற்றிப் பார்ப்போம். மேட்டுப்பாளையத்தில் காலையில் கிளம்பினால் 46 கிலோமீட்டர் ஏறி ஊட்டி சேரக் கிட்டத்தட்ட 5 மணி நேரம். கேம் கியருக்கு 6 பேட்டரி, தாங்குவது 3லிருந்து 5 மணி நேரம். குன்னூரிலேயே படுத்துவிடலாம், அதிர்ஷ்டம் இருந்தால் ஊட்டிக்கு முந்தின ஸ்டேஷன் லவ்டேல் வரை வரும். கேம் பாய் 4 பேட்டரியில் 10 மணி நேரத்துக்கு மேல் ஓடும், ஊட்டி போய்த் திரும்பிவிடலாம். என்ன, ரயில் குகைக்குள் நுழையும்போதெல்லாம் திரையில் ஒன்றும் தெரியாது! ஆடி மாதக் காற்றில் கற்பூர மரம் லைன் மேல் விழுந்து நாள் கணக்கில் கரண்ட் இல்லாமல் இருந்தவர்களுக்கு எது தேவை என்று சொல்ல வேண்டியதில்லை. உலகமும் அதையே வாங்கியது. கேம் பாய், அதன் கலர் வடிவத்தையும் சேர்த்து, 11.8 கோடிக்கு மேல் விற்றது. கேம் கியர் 1 கோடி சொச்சத்தோடு நின்றது.

அதற்காக நின்டெண்டோவை நல்ல பிள்ளை என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவில் தன் கருவிக்கு ஆட்டம் செய்யும் கம்பெனிகள் வருடத்துக்கு 5க்கு மேல் வெளியிடக் கூடாது என்று கட்டுப்பாடு வைத்தது, அனுமதியில்லாத கேசட் ஓடாதபடி பூட்டுச் சில்லும் போட்டது. அந்த அதட்டலை உடைத்ததில் சேகாவுக்குப் பெரும் பங்கு உண்டு. அதன் டிவி கருவி மெகா டிரைவும், அதில் 1991ல் வந்த சோனிக் ஆட்டமும் அமெரிக்காவில் சில வருடம் நின்டெண்டோவைத் திணறடித்தன. 1993ல் மார்ட்டல் காம்பாட் என்ற சண்டை ஆட்டம் வீட்டுக் கருவிகளுக்கு வந்தபோது நின்டெண்டோ ரத்தத்தை வியர்வையாக மாற்றியது. சேகாவில் ஒரு ரகசியக் குறியீடு போட்டால் ரத்தம் வரும். விஷயம் அமெரிக்க செனட் விசாரணை வரை போய், 1994ல் ஆட்டங்களுக்கு வயது முத்திரை குத்தும் அமைப்பு பிறந்தது.

பணத்தை நிதானமாகப் போட்டு எடுக்கும் கம்பெனி எது என்றால் யோசிக்காமல் நின்டெண்டோ என்பேன். அதன் வர்ச்சுவல் பாய் கருவி (1995) கவிழ்ந்தது, பின்னால் வந்த வீ யு கருவி சுமார் 1.35 கோடிதான் விற்றது. இரண்டையும் தாங்கிக்கொண்டு 2017ல் ஸ்விட்ச் கருவியோடு எழுந்தது. சேகாவுக்கு அந்தத் தெம்பு இல்லை. 32எக்ஸ், சாட்டர்ன் என்ற கருவிகளில் அடுத்தடுத்து அடி வாங்கி, கடைசிக் கருவியான டிரீம்காஸ்டும் கைகொடுக்காமல் 2001ல் கருவி செய்வதையே விட்டது. அந்த வருடமே சோனிக் நின்டெண்டோ கருவிகளில் ஓட ஆரம்பித்தது.

ஆனால் மற்றவர்களுக்கு வழி காட்டியதில் என் ஓட்டு சேகாவுக்கு. முப்பரிமாண உருவங்களை மோதவிட்ட வர்ச்சுவா ஃபைட்டர் 1993லேயே வந்துவிட்டது. 1998ல் டிரீம்காஸ்டை இன்டர்நெட்டில் சேர மோடம் வைத்தே விற்றார்கள், நம் ஊரில் பிரவுசிங் சென்டர் என்ற சொல் புழக்கத்துக்கு வந்துகொண்டிருந்த காலத்தில்.