ஒழுகலைவிடப் பெரிய கடன்: ஒரு கூரைச் சீரமைப்பு நிதிச் சேவை பற்றி

கூரையைச் சரிசெய்யும் ஒப்பந்தக்காரரும் அதற்குப் பணம் கொடுப்பவரும் ஒரே வாசலில் கிடைப்பதுதான் இத்தகைய சேவையின் கவர்ச்சி. பின்னறையில் காரை பெயர்ந்து கம்பி வெளியே தெரிந்ததும், முன்னறைச் சுவரோரம் ஈரம் இறங்கியதும் ஒரே மழைக்காலத்தில் நேர்ந்தபோது, நானும் அந்த வாசலுக்குத்தான் போனேன். நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. இதே முறையில் இயங்கும் எதை அணுகுவோருக்கும் இங்கே சொல்பவை பயன்படக்கூடும்.

அதற்கு முன் வீட்டுக் காப்பீட்டில் விண்ணப்பித்துப் பார்த்தேன். புயல், தீ, மரம் விழுதல் போன்ற திடீர்ச் சேதங்களுக்குத்தான் காப்பீடு பொதுவாகப் பொறுப்பேற்கும். ஆண்டுக்கணக்கில் ஊறிக் கெட்ட தளத்தைத் தேய்மானம் என்று தள்ளிவிடும். திடீர்ச் சேதமாகவே இருந்தாலும், புதுக் கூரை போட ஆகும் முழுச் செலவையும் தரும் பாலிசியா, கூரையின் வயதுக்கேற்பக் கழித்துக்கொண்டு தரும் பாலிசியா என்பதைப் பொறுத்துக் கைக்கு வரும் தொகை பெரிதும் மாறும். எனக்கு மறுப்புக் கடிதம் வந்தது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

நிதிச் சேவையின் முதல் கட்டம் இலவச ஆய்வு. வந்த மேற்பார்வையாளர் பொறுமையானவர். தளத்தைச் சுத்தியலால் தட்டி, வெற்றொலி கேட்ட இடங்களைச் சுண்ணக்கட்டியால் வளைத்துக் காட்டினார். பின்னறையைப் பற்றி அவர் சொன்னது சரி. துருவேறிய கம்பி, துருவேறாத இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொண்டு காரையை உள்ளிருந்தே பிளக்கிறது. அந்த நிலையில் மேலே பூச்சு அடிப்பது வீண்வேலை. ஆனால் முன்னறைக்கும் தளத்தையே மாற்றவேண்டும் என்று மதிப்பீட்டில் எழுதியிருந்தார்கள். அங்கே கோளாறு, கைப்பிடிச்சுவரும் தளமும் சேரும் மூலையில் விழுந்த விரிசலும், அடைத்துக்கொண்ட மழைநீர்க் குழாயும் மட்டுமே என்பது நான் தனியாக அழைத்துவந்து காட்டிய கொத்தனாரின் முடிவு. விரிசலைத் திறந்து அடைத்து, மூலையைச் சாய்வாகப் பூசி, மேலே நீர்த்தடுப்புப் பூச்சு கொடுத்தால் போதும் என்றார்.

சிறு வேலைக்கு மட்டும் கடன் கேட்டபோதுதான் விஷயம் விளங்கியது. இவர்கள் தரும் குறைந்தபட்சக் கடன், முன்னறைப் பழுதுக்கு ஆகும் செலவைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. ஆகவே பழுதுபார்க்க வந்தவருக்கு உதவி கிடையாது, மாற்றிப் போடுபவருக்கு உண்டு. மேற்பார்வையாளர் பொய் சொன்னார் என்று நான் கருதவில்லை. கடனின் அளவு முதலில் தீர்மானிக்கப்பட்டு, கூரையின் நோய் அதற்கேற்ப வளர்க்கப்படுகிறது என்றே எண்ணுகிறேன். மதிப்பிடுபவரும் கடன் கொடுப்பவரும் ஒருவரே ஆகிவிட்டால், தனியாக ஒருவரிடம் காட்டிக் கேட்பது கடன்வாங்குபவரின் வேலையாகிவிடுகிறது. கடைசியில் பின்னறைக்கு மட்டும் மதிப்பீட்டைத் திருத்தி வாங்கினேன். அதற்கு மூன்று முறை எழுதவேண்டியிருந்தது.

அடுத்தது வட்டி. விளம்பரத்தில் 10 சதவீதம் என்றிருந்தது; பேசும்போது அது ஃபிளாட் வட்டி என்று தெரிந்தது. அதாவது, மாதந்தோறும் அசல் குறைந்துகொண்டே வந்தாலும், முதலில் வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசி மாதம்வரை வட்டி போடுவார்கள். 100 பங்கு கடனை 5 ஆண்டுகளில் இப்படி அடைத்தால் வட்டி மட்டும் 50 பங்கு ஆகிறது. அதே 10 சதவீதத்தை எஞ்சிய அசலுக்கு மட்டும் கணக்கிட்டால் வட்டி 27.5 பங்குதான். எஞ்சிய அசல்மீது வட்டி போடும் முறைக்கு மாற்றிப் பார்த்தால், அந்த 10 சதவீதம் உண்மையில் 17 சதவீதத்துக்கும் மேல். நான் இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டிய பிறகே, குறைந்துசெல்லும் அசல்மீது வட்டி வாங்கும் மற்றொரு திட்டத்தை எடுத்து வைத்தார்கள். கேட்காதவருக்கு அது காட்டப்படுவதில்லை என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. பரிசீலனைக் கட்டணமாக 2 சதவீதத்தைக் கடன் தொகையிலேயே பிடித்துக்கொள்வதையும் சேர்த்தால், அந்த நல்ல திட்டத்தின் 10 சதவீதமும் ஏறத்தாழ 10.9 ஆகிவிடுகிறது.

குறைகளை இவ்வளவு சொன்ன பிறகு, மனமாரப் பாராட்டவேண்டிய ஒன்றும் உண்டு. பணத்தை ஒப்பந்தக்காரரிடம் மொத்தமாகக் கொடுத்துவிடாமல் மூன்று கட்டமாகப் பிரித்தார்கள்: பழைய தளத்தை இடித்து அகற்றியதும் ஒரு பகுதி, கம்பி கட்டி முடித்து நான் பார்த்துக் கையெழுத்திட்டதும் ஒரு பகுதி, நீர் தேக்கிச் சோதித்த பிறகு மீதி. கடைசிப் பகுதி மொத்தத்தில் 20 சதவீதம். தளம் பதமாகி, பூச்சும் காய்ந்த பின் நாற்புறமும் வரப்புக் கட்டி 48 மணி நேரம் நீரைத் தேக்கினோம். இரண்டாம் நாள் காலை குழாய் இறங்கும் இடத்தில் ஈரம் தெரிந்தது. சொந்தப் பணமாக இருந்திருந்தால், வேலை முடியுமுன்பே தயவுதாட்சண்யத்துக்காக முழுவதையும் கொடுத்துவிட்டு, பிறகு ஒப்பந்தக்காரரைத் தேடி அலைந்திருப்பேன். இங்கே 20 சதவீதம் அவர் கைக்குப் போகாததால், நான்காம் நாளே ஆள் வந்து, குழாயைச் சுற்றிய பூச்சைப் பெயர்த்தெடுத்து மறுபடி செய்து கொடுத்தார். இரண்டாம் சோதனையில் ஒரு பொட்டு ஈரம் இல்லை.

ஆனால் அதிலும் ஒரு சிக்கல். பணம் மூன்று கட்டமாகப் போயிருக்க, முழுக் கடனுக்கும் முதல் நாளிலிருந்தே வட்டி எழுதியிருந்தார்கள். கணக்கறிக்கையைப் படித்தபோதுதான் கண்டேன். எழுத்துமூலம் கேட்டதும் திருத்தினார்கள். வருத்தம் தெரிவித்து ஒரு வரி எழுதியிருக்கலாம்.

மானியம் ஏதும் கிடைக்குமா என்பதைப் பற்றி இவர்கள் வாய் திறப்பதில்லை. அது இவர்களின் தொழிலும் அல்ல. முதியோர், குறைந்த வருமானமுள்ளோர், பேரிடரில் வீடு சேதமடைந்தோர் ஆகியோருக்கான உதவித் திட்டங்கள் பெரும்பாலும் வேலை தொடங்குமுன்பே விண்ணப்பிக்கச் சொல்பவை. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு இடிக்கத் தொடங்கிய பின் போய் நின்றால் வாய்ப்புப் போய்விடலாம். பழுதடைந்த நிலையைத் தேதியுடன் படம் எடுத்து வைத்துக்கொள்வது காப்பீட்டுக்கும் உதவும், இதற்கும் உதவும்.

தளத்தை முழுமையாக மாற்றியே தீரவேண்டியவர், கையில் மொத்தப் பணம் இல்லாதவர், கணக்கறிக்கையை வரிவரியாகப் படிக்கும் பழக்கமுள்ளவர் என்றால் இந்தச் சேவையை நாடலாம். விரிசலுக்கும் அடைப்புக்கும் கடன் தேடுபவர் வேறிடம் பார்க்கட்டும். முன்னறை வேலையை அந்தக் கொத்தனாரே சேமிப்புப் பணத்தில் நான்கு நாளில் முடித்துக் கொடுத்தார். கடனை முன்கூட்டியே அடைக்கக் கட்டணம் உண்டா என்று கேட்டு அனுப்பிய கடிதத்துக்கு நிறுவனத்திடமிருந்து இதுவரை பதில் வரவில்லை.