ஆறு குளிர்காலமாகக் கேட்டுவரும் இசைத்தட்டு: பீர்பௌகே (1975)

பின்லாந்தின் எஸ்போவுக்கு வேலைக்கு வந்த முதல் டிசம்பரில் காலை ஒன்பதுக்கு மேல்தான் விடிந்தது. மூன்றேகாலுக்குள் இருட்டிவிட்டது. அந்த மாதம்தான் ஹெல்சிங்கியில் பழைய இசைத்தட்டு விற்கும் ஒரு கடையில் பீர்பௌகே என்ற பின்லாந்து ஜாஸ் குழுவின் முதல் ஆல்பத்தை வாங்கினேன். கீறலே இல்லை என்றார் கடைக்காரர். வீட்டில் விளக்கடியில் சாய்த்துப் பார்த்தால் மயிரிழை போல ஒரு கோடு. நிமிடத்துக்கு 33 சுற்று, சுற்றுக்கு ஒரு ‘டிக்’.

முதல் இரண்டு மாதம் எனக்கு இது பிடிக்கவில்லை. ஜாஸோடு ராக் போன்ற பிற இசைகளைக் கலக்கும் ஜாஸ் ஃப்யூஷன் என்றாலே விரல்கள் பறக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். குழுவின் பெயருக்கே கரேலிய வழக்கில் ‘இரைச்சல்’ என்றுதான் பொருள். தட்டில் ஓடியதோ நிதானமான இசை. இரண்டு முறை போட்டுவிட்டு அலமாரியில் வைத்துவிட்டேன்.

பிப்ரவரியில் ஒருநாள் வாசல் பனியை வாரிவிட்டு வந்து, கையுறையைக் கழற்றக்கூடத் தெம்பில்லாமல் உட்கார்ந்தபடி மறுபடியும் போட்டேன். ‘கோனெவித்சான் கிர்கொன்கெல்லொத்’ ஓடியது. ‘கோனெவித்சா கோயில் மணிகள்’ என்று அர்த்தம். பழைய கந்தேலே மெட்டு அது. மடியில் வைத்து மீட்டும் அந்த நரம்புக் கருவியில் மணியோசையைக் கொண்டுவந்த யாரோ கட்டியது. அதைத்தான் குழுவைத் தொடங்கிய சாகரி குக்கோவும் கிதாரிஸ்ட் ஹாஸ்ஸே வல்லியும், பேஸில் அந்த்தி ஹ்யூத்தி, டிரம்ஸில் யுக்கா வாசமா துணையோடு மின்கருவிகளுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். வல்லி அதற்கு முன் 60களில் ப்ளூஸ் செக்‌ஷன் குழுவில் வாசித்தவர். இங்கே அவர் கிதாரில் அவசரமே கிடையாது. அடித்த ஸ்வரம் முழுக்க அடங்கட்டும் என்று காத்திருக்கிறார். நம் ஊரில் கார்வை என்போமே, அதுதான். மெட்டு திரும்பத் திரும்ப வருகிறது. ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கனம் கூடுகிறது. அன்றைக்குத்தான் ஸ்வரங்களுக்கு நடுவே இருக்கிற இடைவெளி என் காதில் விழுந்தது.

கோனெவித்சா எங்கே என்று தேடிப் பார்த்தேன். லடோகா ஏரியில் ஒரு தீவு. 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே ஆர்தடாக்ஸ் கிறிஸ்தவ மடம் எழுந்தது. இரண்டாம் உலகப் போரில் பின்லாந்து அந்தத் தீவை இழந்தது. துறவிகள் இடம்பெயர்ந்து, மிஞ்சியவர்கள் 1956இல் பின்லாந்தின் ஹெய்னாவெசியில் இருக்கும் வாலமோ மடத்தோடு சேர்ந்தார்கள். ஆல்பம் வந்த 1975இல் அந்தத் தீவு எல்லைக்கு அப்பால், சோவியத் ஒன்றியத்தில் இருந்தது. அங்கிருந்த மணியைத்தான் இந்த நால்வரும் தங்கள் கருவிகளில் அடித்திருக்கிறார்கள். தெரிந்த பிறகு ஒரு வாரம் என்னால் வேறெதுவும் கேட்க முடியவில்லை.

கேட்கிற விதமும் முக்கியம். இயர்போனில் போட்டு ரயிலில் கேட்டால் பாதி போய்விடும். சத்தத்தைக் குறைத்தாலும் பேஸ் காணாமல் போகும், அப்புறம் மிச்சமெல்லாம் அந்தரத்தில் நிற்கிறது. ஸ்பீக்கரில், பக்கத்து அறைக்குக் கேட்கிற அளவு வைக்கலாம். வேலை செய்துகொண்டே கேட்க இது உதவாது. நான் பலமுறை முயன்றிருக்கிறேன், ஒவ்வொரு முறையும் லேப்டாப்பை மூடியதில்தான் முடிந்தது. தூங்கப் போகும் முன் முழு ஆல்பத்தையும் போட வேண்டாம். குக்கோவின் சாக்ஸபோன் சில இடங்களில் சட்டென்று மேலே ஏறும், கண்ணயர்ந்தவரை எழுப்பிவிடும். எனக்கு அது ஒரு குறையாகவே படுகிறது.

இதை வெளியிட்ட லவ் ரெக்கார்ட்ஸ் நிறுவனம் 1966இல் தொடங்கி 1979இல் திவாலாகிவிட்டது. ஆனாலும் மறுபதிப்பு உண்டு. மூன்றாம் வருடம் சிடியும் வாங்கினேன். ஒலி சுத்தம், டிக் கிடையாது. மணியோசை அடங்குகிற இடம் சிடியில்தான் முழுதாகக் கிடைக்கிறது, அதனால் புதிதாக வாங்குபவர்களுக்கு நான் சொல்வது சிடி. பழைய தட்டுதான் வேண்டும் என்றால் கடையிலேயே போட்டுக் கேளுங்கள், மெதுவான இடங்களை மட்டும் கேட்டால் போதும்.

என் தட்டில் அந்தக் கோடு அப்படியே இருக்கிறது. போன கோடையில் ஹெய்னாவெசி வாலமோவுக்குப் போய், மாலை மணி அடிக்கும்போது வெளியே புல்லில் நின்றேன். ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே என் காது ‘டிக்’ வரும் என்று காத்திருந்தது.