ஐந்நூறு பிள்ளைகளா, ஒன்பதாயிரமா: நியூ ஜெர்சியில் அடுத்தடுத்து இரண்டு ஸ்கூல் டிஸ்ட்ரிக்டுகள்

மத்திய நியூ ஜெர்சியில் வீடு தேடும் தமிழ்க் குடும்பங்களைக் கேட்டால் எடிசன், சவுத் பிரன்ஸ்விக், வெஸ்ட் வின்ட்சர், பிளெயின்ஸ்பரோ என்று வரிசையாகச் சொல்வார்கள். க்ரான்பரி அந்த வரிசையில் கடைசியில் வரும், பல நேரம் வரவே வராது. நாங்கள் பிளெயின்ஸ்பரோ அபார்ட்மென்ட் ஒன்றில் வாடகைக்கு இருந்தவர்கள். மகள் இரண்டாம் வகுப்பு வரை வெஸ்ட் வின்ட்சர்-பிளெயின்ஸ்பரோ ஸ்கூல் டிஸ்ட்ரிக்டில் (அரசுப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் நிர்வாக அமைப்பு) படித்தாள். வீடு வாங்கும்போது பக்கத்து ஊரான க்ரான்பரிக்குப் போனோம். இப்போது அவள் ஆறாம் வகுப்பு. "அங்கே ஹைஸ்கூலே கிடையாதே?" என்று அப்போது கேட்காத ஆள் இல்லை. இன்றும் வீடு தேடுகிறவர்கள் அதையேதான் கேட்கிறார்கள். என் சாய்வு சின்ன டிஸ்ட்ரிக்ட் பக்கம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மற்றதை அதற்கேற்பக் கழித்துப் படித்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியர் தரம், பாதுகாப்பு, பஸ், கட்டடம் இவற்றில் பெரிய வித்தியாசம் தேட வேண்டாம். ரயிலில் நியூயார்க் போகிறவர்களுக்கு வெஸ்ட் வின்ட்சரில் இருக்கும் பிரின்ஸ்டன் ஜங்ஷன் வசதி. அந்த ஒன்றுக்காகவே முடிவெடுப்பவர்கள் உண்டு, அதுவும் நியாயம்தான்.

அமைப்பில்தான் இரண்டும் வேறு வேறு. வெஸ்ட் வின்ட்சர்-பிளெயின்ஸ்பரோ இரண்டு டவுன்ஷிப்புகள் சேர்ந்து நடத்துவது. வெஸ்ட் வின்ட்சர் மெர்சர் கவுண்டியில் இருக்கிறது, பிளெயின்ஸ்பரோ மிடில்செக்ஸில். பத்துப் பள்ளிகள், ஒன்பதாயிரத்தை ஒட்டிய மாணவர்கள், நார்த், சவுத் என்று இரண்டு ஹைஸ்கூல்கள். கல்வி வாரியத்தில் ஒன்பது பேர்: வெஸ்ட் வின்ட்சரிலிருந்து ஐவர், பிளெயின்ஸ்பரோவிலிருந்து நால்வர். பிள்ளை முதலில் சிறு வகுப்புகளுக்கு ஒரு கட்டடம், ஐந்தாம் வகுப்பு வரை வேறொன்று, ஆறு முதல் எட்டு இன்னொன்று, அப்புறம் ஹைஸ்கூல் என்று மாறிக்கொண்டே போகும். க்ரான்பரியில் டிஸ்ட்ரிக்ட் என்பதே ஒரே பள்ளிதான். ஐந்நூறுக்கும் குறைவான பிள்ளைகள், எட்டாம் வகுப்பு வரை. ஒன்பதாம் வகுப்புக்கு ஒப்பந்தப்படி பிரின்ஸ்டன் ஹைஸ்கூலுக்குப் போகவேண்டும்.

இப்படி ஊருக்கு ஒரு டிஸ்ட்ரிக்ட் என்பது நியூ ஜெர்சியின் பழைய பழக்கம். மாநிலத்தில் 564 நகராட்சிகள், சுமார் 600 ஸ்கூல் டிஸ்ட்ரிக்டுகள். சின்னவற்றை இணைத்துவிட்டால் செலவு குறையும் என்று மாநிலத் தலைநகர் டிரென்டனில் ஆட்சிக்கு வருகிற எல்லோரும் சொல்வார்கள். எந்த ஊரும் தன் பள்ளியை விட்டுக்கொடுக்காது.

நிர்வாகத்தைப் பொறுத்தவரை, பெரிய டிஸ்ட்ரிக்டில் ஒரு கேள்வி கேட்டால் அது ஆசிரியர், பிரின்சிபல், பாடத்துக்கான சூப்பர்வைசர், அசிஸ்டென்ட் சூப்பரின்டென்டென்ட் என்று படியேறும். பதில் தாமதமாக வந்தாலும் எழுத்தில் வரும், எல்லோருக்கும் ஒரே பதில் வரும். நாங்கள் இருந்தவரை எனக்கு அதில் குறை இல்லை. சின்ன டிஸ்ட்ரிக்டில் படிகளே குறைவு. மிகச் சிறிய இடங்களில் டிஸ்ட்ரிக்டின் தலைமை அதிகாரியான சூப்பரின்டென்டென்டே பிரின்சிபலாகவும் இருப்பது மாநிலத்தில் சகஜம். வாரிய உறுப்பினர்களுக்குச் சம்பளம் கிடையாது, பதவி மூன்று ஆண்டு, தேர்தலில் கட்சிச் சின்னமும் கிடையாது. எல்லோரும் தெருவில் எதிர்ப்படுகிற ஆட்கள். கூட்டத்தில் எழுந்து ஒரு கேள்வி கேட்டால் அடுத்த வாரம் காய்கறிக் கடையில் அதைப் பற்றிப் பேச்சு இருக்கும். இது வரமும் தொல்லையும். ஒரு ஆசிரியரைப் பற்றிப் புகார் சொல்ல நினைத்தால், அவருடைய பிள்ளையும் உங்கள் பிள்ளையும் ஒரே கால்பந்து அணியில் இருப்பார்கள்.

பெரிய டிஸ்ட்ரிக்டில் ஒரு தலைவர் துணிந்தால் பெரிய மாற்றமும் நடக்கும். 2015இல் வெஸ்ட் வின்ட்சர்-பிளெயின்ஸ்பரோவில் சூப்பரின்டென்டென்ட் டேவிட் ஆடர்ஹோல்ட் மாணவர்களின் மன அழுத்தம் பற்றிப் பெற்றோருக்கு நீண்ட கடிதம் எழுதினார். ஹைஸ்கூலில் அரையாண்டு, இறுதித் தேர்வுகள் நிறுத்தப்பட்டன, வீட்டுப்பாடம் இல்லாத இரவுகள் வந்தன. நம் ஊர்க்காரர்கள் உட்பட ஆசியப் பெற்றோரில் ஒரு பகுதியினர் படிப்பின் கடுமையைக் குறைக்கிறார்கள் என்று கொதித்தார்கள், இன்னொரு பகுதியினர் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். நாடே செய்தியாகப் படித்தது. எனக்கு ஆடர்ஹோல்ட் சொன்னது சரியென்றே படுகிறது. ஆனால் அந்தப் போட்டிச் சூழல் கடிதத்தால் மறைகிற விஷயம் இல்லை.

மதிப்பெண்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை மாநிலம் நடத்தும் என்ஜேஎஸ்எல்ஏ தேர்வில் பிள்ளைகளை நிலைகளாகப் பிரிப்பார்கள்; மேல் நிலைகளை எட்டினால் தேர்ச்சிக் கணக்கு. ஆயிரக்கணக்கானோர் எழுதும் இடத்தில் அந்தச் சதவீதத்துக்கு அர்த்தம் இருக்கிறது. ஒரு வகுப்புக்கு ஐம்பது பேர் உள்ள இடத்தில் ஒரு பிள்ளை என்பது 2 சதவீதம். ஐந்து பிள்ளைகளுக்கு அன்று காய்ச்சல் என்றால் பள்ளி "சரிந்துவிட்டது" என்று தலைப்பு வரும். பத்துப் பேருக்குக் குறைவான பிரிவுகளின் எண்களை மாநில அறிக்கையில் மறைத்தும்விடுவார்கள். நிச், கிரேட்ஸ்கூல்ஸ் ஆகிய இணையதளங்களின் தரவரிசை பார்த்துச் சின்ன டிஸ்ட்ரிக்டை எடைபோடுபவர்கள் ஓராண்டை விட்டுவிட்டு நான்கைந்து ஆண்டுகளைச் சேர்த்துப் பாருங்கள்.

இவ்வளவும் எளிதில் தெரிகிற விஷயங்கள். எங்கள் முடிவை நிர்ணயித்தது பணம்: டிஸ்ட்ரிக்டின் பணம் எங்கிருந்து வருகிறது என்பது.

நியூ ஜெர்சியில் சராசரி சொத்து வரி 2024இல் ஆண்டுக்கு 10,000 டாலரைத் தாண்டியது. அதில் ஏறக்குறைய பாதி பள்ளிக்குப் போகிறது. வசதியான புறநகர்களுக்கு மாநில உதவி சொற்பம். 2010இல் கவர்னர் கிறிஸ் கிறிஸ்டி கையெழுத்திட்ட சட்டப்படி டிஸ்ட்ரிக்ட் தன் வரி வசூலை ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் உயர்த்த முடியாது. மருத்துவக் காப்பீடு, மாணவர் எண்ணிக்கை உயர்வு போன்றவற்றுக்குச் சில விலக்குகள் உண்டு. அதற்கும் மேல் வேண்டுமென்றால் மக்களிடம் வாக்கு கேட்கவேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம், உதாரணத்துக்குத்தான். சின்ன டிஸ்ட்ரிக்ட் 2 கோடி டாலர் வசூலிக்கிறது என்று வையுங்கள். 2 சதவீதம் என்றால் 4 லட்சம். பெரியது 18 கோடி வசூலித்தால் 36 லட்சம். ஆசிரியர் ஒப்பந்தத்தில் ஊதிய உயர்வு ஆண்டுக்கு 3 சதவீதத்தைச் சுற்றி இருக்கும், காப்பீட்டுப் பிரீமியம் சில ஆண்டுகளில் இரட்டை இலக்கத்தில் ஏறும். இது இருவருக்கும் பொது. ஆனால் ஒரு வகுப்பில் 48 பேர் இரண்டு செக்‌ஷனாக இருக்கும்போது கோடையில் ஆறேழு பேர் புதிதாக வந்தால், சின்ன டிஸ்ட்ரிக்ட் மூன்றாவது செக்‌ஷன் திறக்கவேண்டும். ஒரு ஆசிரியரின் சம்பளமும் காப்பீடும் சேர்ந்து லட்சம் டாலரை ஒட்டி வரும். சிறப்புத் தேவை உள்ள ஒரு பிள்ளைக்கு வெளியே தனிப்பள்ளியில் இடம் ஏற்பாடு செய்வது டிஸ்ட்ரிக்டின் கடமை, அந்தப் பிள்ளையின் உரிமை. அதற்கு ஒரு லட்சத்துக்கு மேலும் ஆகலாம். தனியார் பள்ளிக்கு 55,000 டாலருக்கு மேல் போகும் செலவில் ஒரு பகுதியை மாநிலம் திருப்பித் தரும், சட்டம் சொல்கிற அளவு முழுதாக வருவதில்லை. இப்படி மூன்று செலவு ஒரே ஆண்டில் வந்தால் சின்ன டிஸ்ட்ரிக்டின் 4 லட்சத்தில் பெரும்பகுதி போய்விடும். பெரியது இதைப் பத்துப் பள்ளிகளுக்கிடையே சமாளித்துக்கொள்ளும். கூட்டுக் குடும்பத்தில் ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்தாலும் அடுப்பு எரிவது மாதிரி.

அதனால்தான் மற்ற பல சின்ன டிஸ்ட்ரிக்டுகளில் ஏப்ரல் மாத பட்ஜெட் கூட்டங்கள் அப்படிச் சூடாக இருக்கின்றன. முதலில் போவது இலவச பஸ். எட்டாம் வகுப்பு வரை 2 மைலுக்கும், ஹைஸ்கூலுக்கு 2.5 மைலுக்கும் அப்பால் இருப்பவர்களுக்குத்தான் பஸ் கட்டாயம்; பக்கத்தில் இருப்பவர்களிடம் கட்டணம் கேட்கலாம். அடுத்தது நூலகர், இசை, கிளப்புகள். வீடுகளை மட்டுமே வரிக்கு நம்பியிருக்கிற சின்ன ஊரில் வீடு பார்க்கிறீர்கள் என்றால் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

க்ரான்பரியில் வீடுகளோடு கிடங்குகளும் இருக்கின்றன. நியூ ஜெர்சி டர்ன்பைக்கின் 8ஏ வாசல் பக்கத்தில், ரூட் 130க்குக் கிழக்கே போனால் கண்ணுக்கெட்டிய தூரம் வேர்ஹவுஸ்கள். மேற்கே பழைய கிராமமும், விற்க முடியாதபடி பாதுகாக்கப்பட்ட பண்ணை நிலங்களும். வேர்ஹவுஸ் பள்ளி வரி கட்டும், ஆனால் பள்ளிக்கு ஒரு பிள்ளையையும் அனுப்பாது. லாரி நெரிசலைத் திட்டுகிற என் பக்கத்து வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னால் முகம் சுளிப்பார், மறுக்கமாட்டார். 55 வயதுக்கு மேற்பட்டோருக்கான குடியிருப்பு ஒன்றும் இருக்கிறது. அதுவும் வரி தரும், பிள்ளை தராது. சின்ன டிஸ்ட்ரிக்டின் சுகங்களை ஊர் அனுபவிக்க முடிவது இந்தக் கணக்கால்தான். இது இல்லாத அதே அளவு ஊர் என்றால் நான் பெரிய டிஸ்ட்ரிக்டிலேயே இருந்திருப்பேன்.

இந்தப் பலமும் நிரந்தரம் இல்லை. பெரிய கட்டட உரிமையாளர் வரிக்கான சொத்து மதிப்பீட்டை எதிர்த்து வழக்குப் போட்டு ஜெயித்தால், பள்ளியின் பங்கு உட்பட முழுப் பணத்தையும் நகராட்சி திருப்பித் தரவேண்டும். அடுத்த ஆண்டிலிருந்து அந்தச் சுமை மற்ற வரிதாரர்களிடம் வரும். 1975இல் தொடங்கிய, மாநில உச்ச நீதிமன்றத்தின் மவுன்ட் லாரல் தீர்ப்புகளின்படி ஒவ்வொரு ஊரும் எளியவர்களுக்கான வீடுகளுக்கு இடம் தரவேண்டும். 2025இல் தொடங்கிய இந்தக் கடமையின் நான்காவது சுற்று பத்தாண்டுகளுக்கானது. அந்த வீடுகள் வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் புதிதாக ஐம்பது பிள்ளைகள் என்பது பிளெயின்ஸ்பரோவுக்குச் செய்தியே இல்லை, இங்கே பத்தில் ஒரு பங்குக்கு மேல்.

பெரிய டிஸ்ட்ரிக்டிலும் பணத்தில் ஒரு சிக்கல் உண்டு. செலவு இரு டவுன்ஷிப்புகளுக்கும் சொத்து மதிப்பின் விகிதத்தில் பிரிகிறது. பட்ஜெட் 2 சதவீதம்தான் உயர்ந்தாலும், மதிப்பு ஏறிய ஊருக்குப் பங்கு கூடும். வெஸ்ட் வின்ட்சர்காரரும் பிளெயின்ஸ்பரோகாரரும் ஒரே பட்ஜெட்டுக்கு வேறு வேறு சதவீதத்தில் வரி உயர்வு பார்ப்பது இதனால்தான்.

சரி, ஹைஸ்கூல். பெரியதில் படித்தால் நார்த் அல்லது சவுத்தில் இடம் உறுதி. கணிதத்தில் முந்தி ஓடுகிற பிள்ளை, சயின்ஸ் ஒலிம்பியாட் ஆசை உள்ள பிள்ளை என்றால் தயங்காமல் அங்கே போங்கள். ஒரு வகுப்புக்கு இரண்டு மூன்று செக்‌ஷன் வைத்திருக்கிற பள்ளியால் அத்தனை மட்டங்களில் பாடம் நடத்த முடியாது. அதே ஐம்பது முகங்களோடு ஒன்பது ஆண்டு என்பதும் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒத்துவராது. கூச்ச சுபாவமுள்ள என் மகளுக்கு ஒத்துவந்தது. அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும்.

க்ரான்பரி பிள்ளைகளுக்குப் பிரின்ஸ்டன் ஹைஸ்கூல், தலைக்கு இவ்வளவு என்று ஊர் பணம் கட்டும். பிரின்ஸ்டன் வாரியத்தில் க்ரான்பரிக்கு ஒரு பிரதிநிதி இருக்கிறார், ஆனால் சில தீர்மானங்களில் மட்டுமே அவருக்கு வாக்கு உண்டு. பள்ளி அருமையான பள்ளிதான். ஆனால் 1,500க்கும் மேற்பட்டோர் படிக்கும் இடத்துக்கு நம் பிள்ளை திடீரென்று போகும்போது எப்படி இருக்கும் என்பதை இன்னும் நான் பார்க்கவில்லை. மூத்த பிள்ளைகள் உள்ள வீடுகளில் கேட்டதுதான், அவர்களிலும் சிலர் முதல் ஆறு மாதம் கஷ்டம் என்கிறார்கள். சிறப்புக் கல்வியிலும் அப்படியே, எனக்கு நேரடி அனுபவம் இல்லை. அந்தத் தேவை உள்ளவர்கள் இரண்டு டிஸ்ட்ரிக்டின் சைல்ட் ஸ்டடி டீமையும் (பிள்ளையின் சிறப்புத் தேவையை மதிப்பிடும் குழு) நேரில் சந்திக்காமல் வீட்டுக்கு முன்பணம் தராதீர்கள்.

2018இல் பிரின்ஸ்டனில் இடநெருக்கடியைக் காட்டி, க்ரான்பரி ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கக் கூடாது என்று அங்குள்ள பலர் வாரியக் கூட்டங்களில் வாதிட்டார்கள். வாரியம் பத்தாண்டுகளுக்குப் புதுப்பித்தது. உறவை முறிப்பதென்றால் மாநிலக் கல்வி ஆணையரின் அனுமதி வேண்டும், அதனால் ஒரே இரவில் எதுவும் மாறிவிடாது. அடுத்த புதுப்பித்தல் வரும்போது என் மகள் ஹைஸ்கூல் வாசலிலோ உள்ளேயோ இருப்பாள். அதனால் இப்போது எங்கள் ஊர்க் கூட்டங்களோடு பிரின்ஸ்டன் வாரியத்தின் நிகழ்ச்சி நிரலையும் மாதாமாதம் படித்துக்கொண்டிருக்கிறேன்.