மேடைப் பேச்சைத் தொழிலாக்க நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: 18,500 ராண்டைப் பறித்த பேச்சாளர் தளம்

மேடைப் பேச்சைத் தொழிலாக எடுத்துக்கொள்ள நினைக்கும் தென்னாப்பிரிக்கத் தமிழர்கள், அதிலும் குறிப்பாக வேலை இழந்து புதிய வழி தேடும் பெண்கள், எங்கேயாவது பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காகக் கோபம் ஆறுவதற்குள்ளேயே எழுதுகிறேன். பேச்சாளர்களைத் தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டு, நிறுவனங்களுக்கும் மாநாடுகளுக்கும் கட்டணத்தோடு அனுப்பிவைப்பதாகச் சொல்லும் ஓர் இணையத்தளம் என்னிடம் 18,500 ராண்ட் வாங்கியது. அந்தத் தளத்தின் வழியாக இன்றுவரை எனக்கு ஒரு ராண்ட்கூட வருமானம் வரவில்லை. விவகாரம் நீதிமன்றத்துக்குப் போகவிருப்பதால் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் ஆளைப் பிடிக்கும் முறையை ஒன்றுவிடாமல் சொல்கிறேன். இந்தத் துறையில் நேர்வழியில் காலூன்றுவது எப்படி என்பதையும் கடைசியில் விரிவாக எழுதுகிறேன்.

டர்பனில், பல கிளைகள் கொண்ட ஒரு துணிக்கடை நிறுவனத்தில், புதிதாகச் சேரும் ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலையில் இருந்தேன். ஆட்குறைப்பில் அது போனது. கோயில் விழாக்களையும் திருமண வரவேற்புகளையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் தொகுத்து வழங்குவது இளவயது முதலே எனக்குப் பழக்கம் என்பதால், இனிமேல் பேச்சையே தொழிலாக்கிக்கொள்ளலாம் என்று முடிவுசெய்தேன். அந்த முடிவு சரியானது என்றே இன்றும் நினைக்கிறேன். இந்த நாட்டில் பேச்சாளர்களைத் தேடும் பருவம் என்று ஒன்று உண்டு. 1956 ஆகஸ்ட் 9 அன்று ஏறத்தாழ 20,000 பெண்கள், கறுப்பினத்தவரின் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்திய அனுமதிச் சீட்டுச் சட்டத்தை எதிர்த்துப் பிரிட்டோரியாவின் யூனியன் கட்டடத்துக்குப் பேரணியாகச் சென்றதன் நினைவாக ஆகஸ்ட் முழுவதும் பெண்கள் மாதமாகக் கொண்டாடப்படுகிறது. அது முடிந்ததும் செப்டம்பர் 24 மரபு நாள் வருகிறது. இந்த இரண்டையும் ஒட்டித்தான் வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் மருத்துவமனைகளும் தங்கள் ஊழியர்களுக்காகப் பேச்சாளர்களை அழைக்கின்றன. 1860 முதல் 1911 வரை இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குக் கப்பலேறி வந்த 1,52,184 பேரில் இருந்த பெண்களைப் பற்றி, டர்பனில் இந்தியர்கள் மிகுதியாக வாழும் சாட்ஸ்வர்த்தில் ஒரு கோயில் மண்டபத்தில் நான் பேசிய பேச்சு அந்தப் பருவத்துக்கு அப்படியே பொருந்தும். அதன் காணொளியைப் பொதுவில் போட்டிருந்தேன். அதைப் பார்த்துத்தான் அவர்கள் வந்தார்கள்.

முதலில் வந்தது வாட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு. "வணக்கம் அக்கா, உங்கள் கோயில் பேச்சை முழுவதும் கேட்டேன்" என்று ஓர் இளம்பெண்ணின் குரல் தமிழில் தொடங்கிப் பிறகு ஆங்கிலத்துக்கு மாறியது. தன் பாட்டியும் சாட்ஸ்வர்த்தில்தான் வளர்ந்தார் என்றும், தமிழ் தனக்கு அவ்வளவுதான் வரும், மன்னிக்க வேண்டும் என்றும் சொன்னார். அடுத்து அவர் செய்ததைத்தான் என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. "கரும்பு வெட்டிய என் பாட்டியின் பாட்டிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது, ஆனால் அவள் பேச்சைத் தட்ட அந்தத் தோட்டத்தில் ஆளில்லை" என்று நான் பேச்சின் நடுவில் சொன்ன வாக்கியத்தை, திக்கித் திக்கித் தமிழிலேயே சொல்லிக்காட்டினார். "இதை ஒரு வங்கியின் அரங்கில் நீங்கள் சொன்னால் எத்தனை பேர் அழுவார்கள் தெரியுமா, அக்கா?" என்று கேட்டார். என் குடும்பத்திலேயே அந்த வாக்கியத்தை நினைவில் வைத்திருந்தவர்கள் யாருமில்லை. முன்பின் தெரியாத ஒருவர் அதை மனப்பாடம் செய்துகொண்டு வந்து பேசும்போது, அவர் நம் பேச்சை மதிப்பவர் என்று நம்பாமல் வேறு எதை நம்புவது? அதற்கடுத்த ஜூம் உரையாடலில் தளத்தின் இயக்குநர் என்று சொல்லிக்கொண்டவர், என் ஆங்கில உச்சரிப்பில் டர்பன் மணம் இருப்பதுதான் என்னுடைய பெரிய சொத்து என்றும், அதை யார் சொன்னாலும் மாற்றிக்கொள்ளக் கூடாது என்றும் சொன்னார். இந்த உச்சரிப்பைப் பற்றிப் பிறகு அவர்களே என்ன சொன்னார்கள் என்பதைக் கீழே எழுதுகிறேன்.

கேட்ட தொகை 18,500 ராண்ட். பட்டியலில் பெயர், ஜூம் வழியே பயிற்சி, என் பேச்சுகளைத் தொகுத்த ஒரு ஷோரீல், 'பன்னாட்டுச் சான்றிதழ் பெற்ற பேச்சாளர்' என்ற சான்றிதழ், ஆகஸ்ட் முடிவதற்குள் கட்டணத்துடன் மூன்று மேடைகள். ஒப்பந்தத்தை வரிவரியாகப் படித்தேன். ஏற்கெனவே சேர்ந்தவர் ஒருவரிடம் பேச வேண்டும் என்று கேட்டேன். உடனே ஒருவரின் எண்ணைக் கொடுத்தார்கள், அவரும் புகழ்ந்து தள்ளினார். ஒப்பந்தத்தில் மேடைகள் என்று மட்டும் இருக்கிறதே, கட்டணம் பற்றி ஒன்றும் இல்லையே என்று கேட்டபோது, ஒவ்வொரு நிறுவனமும் வெவ்வேறு தொகை தருவதால் எழுத்தில் போடுவதில்லை, ஆனால் ஒரு மேடைக்கு 8,000 ராண்டுக்குக் குறையாது என்று அதே பெண் குரல்பதிவில் உறுதி கொடுத்தார். அந்தப் பதிவு இன்றும் என்னிடம் இருக்கிறது. பணம் கட்டும் பக்கத்தில், 'சேவையை உடனே தொடங்கச் சம்மதிக்கிறேன்' என்ற கட்டத்தில் குறியிட்டால்தான் அடுத்த பக்கமே திறந்தது. அந்தக் கட்டம் எதற்காக என்பதைப் பிறகு சட்டம் படித்தபோதுதான் தெரிந்துகொண்டேன். ஆட்குறைப்பில் கிடைத்த இழப்பீட்டுத் தொகையிலிருந்து 18,500 ராண்டையும் ஒரே தடவையில் இஎஃப்டி எனப்படும் மின்னணு வங்கிப் பரிமாற்றம் மூலம் அனுப்பினேன்.

பயிற்சி என்பது முன்பே பதிவுசெய்து வைத்த காணொளிகள். கேள்வி கேட்க ஆளில்லை. ஷோரீலைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். நான் பட்டுச் சேலை கட்டி, குத்துவிளக்குக்குப் பக்கத்தில் நின்று, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டே பேசுகிறேன். அது பிப்ரவரி மாதம், டர்பனின் பிப்ரவரி எப்படியிருக்கும் என்று இங்குள்ளவர்களுக்குத் தெரியும். அடுத்த காட்சியில் கம்பளிக் கோட்டும் கழுத்துத் துண்டும் அணிந்த வெள்ளையர்கள் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள். எங்கிருந்தோ எடுத்த கூட்டத்தை என் பேச்சுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறார்கள். கடைசியில் வரும் என் பெயரில் ஓர் எழுத்து இல்லை. இதை எந்த நிறுவனத்திடம் காட்டினாலும் பொய்க்காரி என்ற பட்டம் எனக்குத்தான் வரும். திருத்தித் தரச் சொன்னேன். திருத்தத்துக்குத் தனிக் கட்டணம் என்றார்கள்.

முதல் மேடை ஜோகன்னஸ்பர்க்கில், சாண்டனில் ஒரு ஓட்டலின் கூட்ட அறையில். போக்குவரத்தும் தங்குமிடமும் என் செலவு. கட்டணத்தை நிகழ்ச்சி முடிந்தபின் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். இரவுப் பேருந்தில் ஏறி, விடிந்ததும் அங்குள்ள கழிப்பறையில் சேலை மாற்றிக்கொண்டு அரங்குக்குள் போனேன். ஏறத்தாழ முப்பது நாற்காலிகள். ஒவ்வொருவருக்கும் பத்து நிமிடம். எனக்கு முன்னால் பேசியவர் இறங்கிவந்து என் வரிசையில் உட்கார்ந்து, என் பக்கத்தில் இருந்தவர் மேடைக்கு எழுந்து போனபோது எனக்குப் புரிந்தது. அந்த அறையில் கேட்பவர் என்று தனியாக ஒருவருமில்லை. எல்லோரும் பேச்சாளர்கள், எல்லோரும் பணம் கட்டியவர்கள், ஒருவர் பேச்சுக்கு மற்றவர் கைதட்டிக்கொண்டிருந்தோம். சோவேட்டோவிலிருந்து வந்த ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர், பிரசவ அறையில் தான் கண்டதையெல்லாம் அவ்வளவு அழகாகச் சொன்னார். ஒரு மருத்துவமனையின் ஊழியர்கள் கேட்டிருக்க வேண்டிய பேச்சு அது. அதைக் கேட்டவர்கள் ஏமாந்துபோன நாங்கள் மட்டுமே. பணம் கட்டுவதற்கு முன் என்னிடம் தளத்தைப் புகழ்ந்து பேசியவரும் அங்கே இருந்தார். தான் பரிந்துரைத்த ஒவ்வொருவர் சேரும்போதும் தன் சந்தாவில் தள்ளுபடி கிடைத்ததாகவும், தனக்கும் இதுவரை ஒரு கட்டண மேடையும் அமையவில்லை என்றும் தேநீர் இடைவேளையில் கண்ணீரோடு சொன்னார்.

ஊர் திரும்பியதும் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். அதுவரை நான் தட்டச்சு செய்து முடிப்பதற்குள் பதில் அனுப்பிக்கொண்டிருந்த அந்தப் பெண்ணின் எண்ணில் செய்திகள் படிக்கப்பட்டதற்கான நீலக் குறி மட்டும் விழுந்தது. மின்னஞ்சலுக்குப் புகார் எண் ஒன்று தானாக வந்தது. கணக்குப் பிரிவு பார்த்துக்கொண்டிருக்கிறது என்றார்கள். கணக்குப் பிரிவின் தொலைபேசி எண்ணைக் கேட்டால், அவர்கள் வெளியாட்களிடம் பேசுவதில்லை என்றார்கள். 18,500 ராண்ட் கட்டியவள் வெளியாளா? இயக்குநர் வெளிநாட்டில் இருக்கிறார் என்றார்கள், ஆனால் அதே வாரத்தில் அவர் புதியவர்களுக்கு நேரலையில் அறிமுக வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். சாண்டன் மேடைக்கான கட்டணம் என்ன ஆனது என்று கேட்டதற்கு, அது 'வெளிச்சம் தரும் மேடை', கட்டண மேடைகள் இனிமேல்தான் என்று பதில் வந்தது. நான் விடாமல் எழுதியபோது வந்த மின்னஞ்சலில், என் உச்சரிப்பு பெரிய நிறுவனங்களுக்கு ஒத்துவராது என்று வாடிக்கையாளர்கள் கருதுவதாகவும், 6,000 ராண்ட் செலுத்தி உச்சரிப்புப் பயிற்சியில் சேர்ந்தால் வாய்ப்புகள் திறக்கும் என்றும் இருந்தது. சொத்து என்று சொன்ன அதே உச்சரிப்பைத்தான் குறையாக்கி, அதற்கும் விலை வைத்தார்கள். பணம் போனதைவிட இது என்னை அதிகமாகப் புண்படுத்தியது.

இந்தத் தொழிலில் உள்ள நேர்மையான முகவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதைப் பிறகு அனுபவசாலிகளிடம் விசாரித்தேன். முகவர் நிறுவனம் பேச்சாளரிடம் முன்பணம் வாங்குவதில்லை. நிகழ்ச்சி நடத்துபவர் தரும் கட்டணத்திலிருந்து, பொதுவாக 20 முதல் 30 விழுக்காடு வரை, தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. பேச்சாளருக்கு மேடை கிடைத்தால்தான் முகவருக்கும் வருமானம். என்னிடம் பணம் வாங்கிய தளத்துக்கோ நான் மேடை ஏறினாலும் ஏறாவிட்டாலும் 18,500 ராண்ட் முதல் நாளே போய்ச் சேர்ந்துவிட்டது. அப்புறம் அவர்கள் எனக்காக ஏன் ஒரு நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைக்கப்போகிறார்கள்? சான்றிதழ் கதையும் அப்படித்தான். 1973இல் தொடங்கிய அமெரிக்கத் தேசியப் பேச்சாளர் சங்கம் வழங்கும் சி.எஸ்.பி. (சான்றளிக்கப்பட்ட தொழில்முறைப் பேச்சாளர்) தகுதியை, பல ஆண்டுகள் கட்டணம் பெற்றுப் பேசியதற்கான சான்றுகளைக் காட்டிய பிறகே பெறமுடியும். எனக்கு வந்த 'பன்னாட்டுச் சான்றிதழ்' அந்தத் தளமே அச்சிட்ட ஒரு பிடிஎஃப்.

வங்கியில் முறையிட்டேன். நானே அனுப்பிய இஎஃப்டி என்பதால் தாங்களாகத் திருப்ப முடியாது என்று சொல்லிவிட்டார்கள். இணையத்தில் வாங்கியதை ஏழு நாட்களுக்குள் காரணம் சொல்லாமல் ரத்துசெய்யும் உரிமையை 2002ஆம் ஆண்டின் மின்னணுத் தகவல்தொடர்பு மற்றும் பரிவர்த்தனைச் சட்டத்தின் 44ஆம் பிரிவு தருகிறது. ஆனால் அந்த ஏழு நாட்களுக்குள் நம் சம்மதத்துடன் தொடங்கிவிட்ட சேவைக்கு அந்த உரிமை இல்லை. குறியிடாமல் நகரவிடாத அந்தக் கட்டம் இதற்காகத்தான். திட்டமிட்டு வைத்த பொறி இது, அலுவலகக் குழப்பம் அல்ல. நிறுவனப் பதிவு ஆணையத்தின் தளத்தில் தேடியபோது, தளத்தின் பெயரில் பதிவான நிறுவனம் எதுவும் கிடைக்கவில்லை. என் பணம் போன வங்கிக் கணக்கின் பெயர் வேறு. நல்லவேளையாக, 20,000 ராண்ட் வரையிலான வழக்குகளைச் சிறு கோரிக்கைகள் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமல் நாமே நடத்தலாம். அதற்கு முன் 14 நாள் கெடு கொடுத்துக் கோரிக்கைக் கடிதம் அனுப்ப வேண்டும், அனுப்பியிருக்கிறேன். கோருவது 18,500 ராண்ட், ஒரு ராண்ட்கூடக் குறையாமல்.

நேர்வழியை விரிவாக எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். நேரமில்லாததால் அவசரமானவற்றை மட்டும் சொல்கிறேன். மேடை வாங்கித் தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்கும் எவருக்கும் கொடுக்காதீர்கள். கட்டணத் தொகை ஒப்பந்தத்தில் எழுத்தில் இல்லாவிட்டால் கையெழுத்திடாதீர்கள். பணம் போகும் கணக்கின் பெயரையும் நிறுவனப் பதிவு எண்ணையும் அன்றே சரிபாருங்கள். சேவையை உடனே தொடங்கும் சம்மதக் கட்டத்தைக் கண்டால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். அவர்கள் கொடுக்கும் எண்ணில் விசாரிக்காமல், பட்டியலில் உள்ள பேச்சாளர் ஒருவரை நீங்களே தேடிப்பிடித்து, இந்தத் தளத்தால் கடைசியாக எப்போது காசு வந்தது என்று கேளுங்கள். பயிற்சிதான் வேண்டுமென்றால் 1924இல் அமெரிக்காவில் தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் அமைப்பின் மன்றங்கள் டர்பனிலேயே இருக்கின்றன. நான் இழந்த பணம் அங்கே பல ஆண்டுச் சந்தாவுக்குப் போதும். தொழில் ரீதியாகப் பேசுபவர்களைச் சந்திக்கத் தென்னாப்பிரிக்கத் தொழில்முறைப் பேச்சாளர் சங்கம் இருக்கிறது. குரல்பதிவுகளை அழிக்காதீர்கள்.

இதே வகைத் தளத்தில் பணம் கட்டியவர்கள் ரசீதையும் வங்கி அறிக்கையையும் இன்றே நகலெடுத்து வையுங்கள். என் கடிதத்தின் கெடு வெள்ளிக்கிழமை முடிகிறது. திங்கட்கிழமை காலையில் நீதிமன்ற எழுத்தரைப் பார்க்க வேண்டும். அதற்குள் அந்தக் குரல்பதிவுகள் எல்லாவற்றையும் கேட்டு எழுதி முடிக்க வேண்டியிருப்பதால் இத்துடன் நிறுத்துகிறேன்.