நீங்களே கார் ஏசி கேஸ் ஏத்திக்கலாம்னு விக்கிற கேனை நம்பாதீங்க, எனக்கு அரை மாச சம்பளம் போச்சு

இன்னிக்கு காலைல தான் காரை ஒர்க்‌ஷாப்ல இருந்து எடுத்துட்டு வந்தேன். பில்லு இன்னும் சட்டைப் பாக்கெட்லயே கிடக்கு, எடுத்துப் பாக்குறப்பல்லாம் வயிறு எரியுது. அரை மாச சம்பளம், ஒரே ஒரு கேனால.

மூணு வாரம் முன்னாடி ஏசில காத்து கம்மியாச்சு. ஃபேன ஃபுல்லா வெச்சா சத்தம் தான் வருது, காத்து வரல. ஆனா வர்ற கொஞ்சக் காத்து ஜில்லுனு தான் இருந்துச்சு, இத ஞாபகம் வெச்சுக்கோங்க. ஆன்லைன்ல எல்லாப் பொருளும் விக்கிற ஒரு தளம், பேர் போடல, அதுல வீட்லயே கேஸ் ஏத்துற கிட் பாத்தேன். ஆர்-134ஏன்ற ஏசி கேஸ் கேன், ஒரு ஹோஸ், கேஸ் அழுத்தத்தக் காட்ட பச்சை மஞ்சள் சிவப்பு போட்ட ஒரு கேஜ், அவ்ளோ தான்.

நான் கண்ண மூடிட்டு வாங்கல. விக்கிறவருக்கு வண்டி மாடல், வருஷம், காத்து கம்மியா வருது ஆனா ஜில்லுனு இருக்கு, எல்லாத்தையும் ஒண்ணு விடாம எழுதிக் கேட்டேன். அஞ்சே நிமிஷத்துல பதில். "சார் இது கேஸ் குறைஞ்சதுக்கான அறிகுறி தான், ஒரு கேன் போதும், பத்து நிமிஷ வேலை, டவுட்னா எந்த நேரம்னாலும் மெசேஜ் பண்ணுங்க சார்". அந்த "எந்த நேரம்னாலும்" தான் என்னைய சாய்ச்சுது. இவ்ளோ பொறுமையா பேசுறவர் ஏமாத்துவாரான்னு நினைச்சு உடனே ஆர்டர் போட்டேன்.

ஞாயித்துக்கிழமை மாட்டினேன். லோ சைடுல, அதாவது அழுத்தம் கம்மியா இருக்குற பைப்ல தான் மாட்டணும்னு தெரியும், சரியா தான் மாட்டினேன். இன்ஜின் ஓடுது, ஏசி ஃபுல், கேஸ் ஏத்துறதுக்கு முன்னாடியே முள்ளு பச்சைல, அதாவது அளவு சரின்னு காட்டுற இடத்துல நிக்குது. சந்தேகம் வந்து போட்டோ எடுத்து அனுப்பிக் கேட்டேன். "முழு கேனையும் ஏத்திடுங்க சார், அப்போ தான் கூலிங் நிக்கும்"னு பதில். ஏத்தினேன். காத்து அதே மாதிரி தான் வந்துச்சு, "ரெண்டு நாள் ஓடட்டும் சார்"ன்னார். மூணாவது நாள் கேஸ அமுக்கி ஓட வைக்கிற கம்ப்ரஸர்ல இருந்து கரகரன்னு சத்தம், சாயங்காலம் வெறும் அனல் காத்து.

அன்னிக்கே மெசேஜ் பண்ணேன். அஞ்சு நிமிஷத்துல பதில் போட்டவர் ரெண்டு நாள் கழிச்சு வந்து "நீங்க ஓவரா ஏத்திருப்பீங்க"ன்றார்! முழு கேனையும் ஏத்தச் சொன்ன மெசேஜையே திருப்பி அனுப்பினேன், அதுக்கப்புறம் ஆளே காணோம். தளத்துல கம்ப்ளெயின்ட் போட்டா திறந்த கேனுக்கு ரிட்டர்ன் கிடையாதாம், விக்கிறவரையே தொடர்பு கொள்ளணுமாம். மறுபடி போட்டேன், "உங்கள் பிரச்சனை தீர்க்கப்பட்டது"ன்னு மூடிட்டாங்க. யாருக்குய்யா தீர்ந்துச்சு? அரை மாச சம்பளம் என் கைய விட்டுல்ல போயிருக்கு.

ஏசி மெக்கானிக் அண்ணன் கேனப் பாத்ததுமே கேஸ் உறிஞ்சுற அவர் மெஷின மாட்ட மாட்டேன்னுட்டார். பின்னாடி எறும்பு மாதிரி எழுத்துல லீக் சீலர், அதாவது கசிவ அடைக்கிற மருந்து கலந்திருக்குன்னு போட்டிருக்கு. தளத்துல போட்ட விவரத்துல அந்த வார்த்தையே இல்ல. சீலர் ஈரம் பட்டா இறுகுற சாமானாம், உள்ள துளி ஈரம் இருந்தாலும் கேஸ கொஞ்சம் கொஞ்சமா விடுற எக்ஸ்பான்ஷன் வால்வோட சின்ன ஓட்டைல போய் கட்டியாயிடும், கேஸ் உறிஞ்சுற மெஷினையும் கெடுத்துடும். எனக்கு வால்வு அடைச்சு, கேஸோட சேந்து திரும்ப வர வேண்டிய ஆயில் வராம கம்ப்ரஸர் தேஞ்சு, அந்த உலோகத் தூள் கேஸோட சூட்ட வெளிய விடுற கண்டென்சர் வரைக்கும் போயிருக்கு. கம்ப்ரஸர், கண்டென்சர், ஈரம் உறிஞ்சுற டிரையர், வால்வு நாலும் மாத்தி பைப் எல்லாம் கழுவி... அரை மாச சம்பளம்.

எல்லாத்தையும் விட கொடுமை என்னன்னா, கேஸ் குறையவே இல்ல. க்ளவ் பாக்ஸுக்குப் பின்னாடி இருக்குற கேபின் ஃபில்டர் இலையும் தூசியுமா அடைச்சிருக்கு, அதனால தான் காத்து வரல. கையாலயே கழட்டி மாத்தியிருக்கலாம். நான் எழுதின அறிகுறியப் படிச்ச எவனுக்கும் அது தெரிஞ்சிருக்கும், அந்தாளுக்குத் தெரியாமலா இருக்கும்?

விலாவாரியா டிப்ஸ் எழுதலாம்னு தான் உக்காந்தேன், கை நடுங்குது, முக்கியமானத மட்டும் சொல்றேன். காத்து கம்மி ஆனா ஜில்லுனு இருந்தா மொதல்ல ஃபில்டரப் பாருங்க, கேஸ் பக்கமே போகாதீங்க. வீட்ல செய்றதா இருந்தா ஃபில்டர் மாத்துறது, கண்டென்சர் மேல இருக்குற தூசிய மெதுவா தண்ணி விட்டுக் கழுவுறது, இதோட நிறுத்துங்க. சீலர்னு எங்கயாவது இருந்தா தொடாதீங்க. கேஜ்ல பச்சைன்னா அளவு சரின்னு அர்த்தம் இல்ல, வெளி வெயிலுக்குத் தகுந்த மாதிரி முள்ளு மாறும், கேஸ் இத்தன கிராம்னு பானெட்டுக்கு அடில ஸ்டிக்கர்ல இருக்கும், எடை போட்டுத் தான் ஏத்தணும். கேன் லேபிள முன்னும் பின்னும் போட்டோ கேட்டு வாங்காம காசு கட்டாதீங்க.

மெசேஜ் எல்லாம் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சிருக்கேன், மறுபடியும் இப்போ கம்ப்ளெயின்ட் போடப் போறேன். இதே மாதிரி கேன் வாங்கி வெச்சிருக்கவங்க யாராவது இருந்தா இன்னிக்கே பின்பக்க எழுத்தப் படிச்சுப் பாருங்க, சீல உடைச்சுடாதீங்க.