ரப்பர் பலகையா, மெராந்தியா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் சொந்தமாக மேசை, பெஞ்சு செய்கிறவர்கள் பலகைக் கடைக்குப் போனால் பெரும்பாலும் ரப்பர் மரப் பலகை, மெராந்தி என்ற காட்டு மரப் பலகை, இந்த இரண்டில் ஒன்றைத்தான் எடுத்து வருகிறார்கள். வீட்டுக்குள் இருக்கும் சாமான் என்றால் என் ஓட்டு ரப்பர் பலகைக்கு.

தோட்டத்துப் பெரியவர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். "அது பூச்சி தின்னுற மரம்ப்பா, அடுப்புக்குத்தான் ஆகும்." பச்சை மரத்தைப் பொறுத்தவரை அது சரிதான். 25, 30 வருடம் பால் சீவிய பிறகு மறுநடவுக்காகச் சாய்க்கிற மரத்தில் மாவுச்சத்து அதிகம். அப்படியே போட்டால் சில நாளில் பூஞ்சை ஏறி நீலம் பாயும், அப்புறம் வண்டு துளைக்கும். அதனால்தான் ஆலையில் அறுத்த கையோடு பூச்சியையும் பூஞ்சையையும் தடுக்கும் போரான் கரைசலை அழுத்தி ஏற்றி, சூளையில் உலர்த்துகிறார்கள். ஜொகூரில் உள்ள மூவாரில் செய்து வெளிநாடு போகிற மேசை நாற்காலிகளில் பெரும்பங்கு இப்படிப் பக்குவமான ரப்பர் மரம்தான். தோட்டத்தில் சும்மா கிடக்கிறதே என்று கட்டையை ஏற்றி வந்து அறுப்பது வீண் வேலை.

கடையில் கிடைப்பது சிறு துண்டுகளைக் கோத்து ஒட்டிய அகலப் பலகை. மேசைத் தட்டுக்கு இது பெரிய சௌகரியம். மெராந்தியில் அதே அகலம் வேண்டுமென்றால் நாலைந்து பலகையின் விளிம்பை நேராக இழைத்து, பசை தடவி, கிளாம்ப் போட்டு இறுக்க வேண்டும். வீட்டுத் தச்சர்களில் பாதிப் பேர் சலித்துப்போவது இந்த இடத்தில்தான். அதுவும் மெராந்தியில் ஒரு வகையான வெளிர்சிவப்பு மெராந்தி மிருதுவானது. பாத்திரத்தை இழுத்தாலே கோடு விழும்.

ஆனால் வேலை பழக மெராந்திதான். உளிக்கு இணங்கும், இழைப்புளி தடையில்லாமல் ஓடும். மேசைக் காலையும் சட்டத்தையும் துளை வெட்டிப் பொருத்த முதன்முதலாகப் பழகுகிறவர் ரப்பரில் கை வைக்க வேண்டாம். ரப்பர் கனமானது. இழைக்கும்போது சில இடத்தில் நார் எழும்பும், இழைப்புளியின் அலகு கூர்மையாக இருந்தால்தான் அடங்கும். ஸ்க்ரூ போடுமுன் துளையிடாவிட்டால் ஓரம் பிளக்கும்.

எந்த மரமானாலும் மழைக்காலத்தில் அகலவாக்கில் உப்பும், வெயிலில் சுருங்கும். மேசைத் தட்டை அசையாதபடி முடுக்கினால் வெடிப்பு விடும். அது நகர இடம் இருக்கும்படி, சட்டத்தில் ஸ்க்ரூ துளையைத் தட்டின் அகலவாக்கில் கொஞ்சம் நீட்டி விடுங்கள்.

சாரல் அடிக்கிற ஐந்தடிக்கு, அதாவது வாசலை ஒட்டிய கூரை போட்ட நடைபாதைக்கு, ரப்பர் கூடவே கூடாது. போரான் தண்ணீரில் கரைந்து வெளியேறிவிடும், அதன்பின் அது பழைய பூச்சி மரம்தான். வெளிர்சிவப்பு மெராந்தியும் அங்கே தாங்காது. யாராவது பழைய பலகை வீட்டைப் பிரித்தால் செங்கால் என்ற கடினமான மரத்தைக் கேட்டு வாங்குங்கள். தூக்க இரண்டு ஆள் வேண்டும், துளை போடவும் நேரமாகும், ஆனால் மழைக்கு அசையாது. அறுப்பதற்கு முன் உள்ளே புதைந்திருக்கும் பழைய ஆணிகளைத் தேடிப் பிடுங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் ரம்பத்தின் பல் போய்விடும்.